தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஸ்போர்ட்ஸ் கடையில விக்கிற புட்பால் ஆசிய கோப்பை ரெக்கார்டு சார்ட், காசுக்கு தகுமா?

முதல்லயே சொல்லிடறேன், தகும். 120 ரூபா. ஆனா எல்லாருக்கும் இல்ல. ஏன்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா இந்த சார்ட் பத்தி வாட்ஸப் குரூப்ல போட்டோ மட்டும்தான் சுத்துது, உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்லல, "சூப்பர் ப்ரோ"ன்னு கட்டைவிரல் போட்டுட்டு போயிடறாங்க.

கடை நாலு ரோட்டுல இருந்து பென்னாகரம் ரோடு திரும்பினதும் கொஞ்ச தூரத்துல இருக்கு. போர்டு வெயில்ல வெளுத்துப்போய் பேரே தெரியாது, வெளிய வலைப்பையில பந்து தொங்குற கடைன்னு கேட்டா காட்டுவாங்க. நம்ம ஊரு ஸ்போர்ட்ஸ் கடைன்னா எப்படி இருக்கும்னு தெரியுமில்ல, முக்கால்வாசி கிரிக்கெட் பேட், டென்னிஸ் பால் டப்பா, கேரம் போர்டு, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு கப்பு, மெடல். இங்கயும் அதேதான், ஆனா ஓனர் அண்ணன் சின்ன வயசுல புட்பால் ஆடினவரு, அதனால கடையோட பின்பக்க செவுரு முழுக்க அவரோட ராஜ்ஜியம். அங்கதான் இந்த சார்ட். அவரே உக்காந்து டைப் பண்ணி, தெரிஞ்ச பிரிண்டிங் கடையில அடிச்சு, லேமினேஷன் போட்டு விக்கிறாரு. ரெண்டு அடிக்கு மூணு அடி இருக்கும். முன்பக்கம் முழுசும் ஆசிய கோப்பை, பின்பக்கம் ஐரோப்பாவோட யூரோ, தென் அமெரிக்காவோட கோபா அமெரிக்கா, ஆப்பிரிக்க கோப்பை மூணையும் ஒண்ணா அமுக்கி வச்சிருக்காரு.

எல்லா ரெக்கார்டும் போன்லயே இருக்கே, இத எதுக்கு காசு குடுத்து வாங்கணும்னு நானும் அவர்கிட்டயே கேட்டேன். "போன்ல நம்பர் இருக்கு தம்பி, பக்கத்துல எத்தன டீம் ஆடுச்சுன்னு இருக்காது"ன்னாரு. கேக்கறப்ப சும்மா வியாபாரப் பேச்சுன்னு தோணுச்சு, வீட்டுக்கு கொண்டுவந்து மாட்டி நின்னு படிச்சா மனுஷன் சொன்னது சரியாத்தான் இருக்கு. ஒவ்வொரு வருஷத்துக்கு நேராவும் ஜெயிச்ச டீம், ரன்னர் அப், நடந்த நாடு, அதுக்கு அடுத்து சிவப்பு கட்டத்துல "டீம் எண்ணிக்கை"ன்னு ஒரு காலம் (column). அந்த ஒரு காலம்தான் இந்த சார்ட்டோட உசுரு.

1956 ஹாங்காங், 4 டீம். 1960 தென் கொரியா, 4 டீம். 1964 இஸ்ரேல், 4 டீம். 1968ல ஈரான்ல 5, 1972 தாய்லாந்துலயும் 1976 ஈரான்லயும் 6, 1980ல குவைத்ல 10, அப்படியே நடுவுல 1992 ஹிரோஷிமால 8க்கு எறங்கி, 1996ல 12, 2004ல 16, 2019ல இருந்து 24. கண்ண மேல இருந்து கீழ ஓட்டினாலே போதும், எந்த கப்பு எவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கினதுன்னு தானா தெரிஞ்சிடும்.

நம்ம ஆளுங்க அடிக்கடி பெருமையா சொல்றது 1964. "இந்தியா ஆசிய கோப்பையில ரன்னர் அப்பு டா, தெரியுமா"ன்னு டீக்கடையில ஒரு பெரியவராவது சொல்லுவாரு. உண்மைதான், யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா சார்ட்டுல அந்த வரிய பாருங்க. 4 டீம், ஃபைனல்னே ஒண்ணு கெடையாது, ஒருத்தரோட ஒருத்தர் ஆடி பாயிண்ட் கணக்குதான். இந்தியா இஸ்ரேல்கிட்ட 2-0 தோத்துச்சு, தென் கொரியாவ 2-0, ஹாங்காங்க 3-1 ஜெயிச்சுச்சு, ரெண்டாவது எடம். மூணே மேட்ச். அந்த டோர்னமெண்ட்டுக்கு போறதுக்கும் குவாலிஃபயர்ல ஒரு மேட்ச் கூட ஆடல, கூட இருந்த டீம் எல்லாம் விலகிட்டதால நேரா போயிட்டாங்க. இந்தர் சிங் ரெண்டு கோல் போட்டு இஸ்ரேலோட ஸ்பீக்லர் கூட சேந்து டாப் ஸ்கோரர். ஆமா, ரெண்டு கோலுக்கு டாப் ஸ்கோரர். இத சொன்னா சில பேருக்கு கோவம் வரும், நான் ஒண்ணும் மட்டம் தட்டல, ரெண்டு தடவ அந்த கப்ப வாங்கியிருந்த கொரியாவ ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கறது அன்னைக்கும் சின்ன விஷயம் இல்ல. ஆனா 24 டீம்ல ரெண்டாவது வர்றதும் 4 டீம்ல ரெண்டாவது வர்றதும் ஒண்ணு கெடையாது, அத மறைக்காம போட்டிருக்காரு பாருங்க, அதுக்கே குடுக்கலாம் 120.

ஈரான் வரியும் அப்படித்தான். 1968, 1972, 1976 வரிசையா மூணு கப்பு. வேற எந்த நாடும் மூணு தடவ தொடர்ந்து வாங்கினதில்ல. அதுல 1976 மட்டும் எடுத்து பாத்தா, தெற்கு ஏமன 8-0, ஈராக்க 2-0, செமில சீனாவ எக்ஸ்ட்ரா டைம்ல 2-0, ஃபைனல்ல குவைத்த 1-0. ஆக நாலு மேட்ச், 13 கோல், ஒரு கோல் கூட வாங்கல, கப்பு கையில. அந்த 8-0 இன்னைக்கு வரைக்கும் ஆசிய கோப்பையில பெரிய வித்தியாசத்துல ஜெயிச்ச ரெக்கார்டு. அதுக்கு அப்புறம் ஈரான் ஒரு ஃபைனல் கூட எட்டல. செமி வரைக்கும் வந்து வந்து திரும்பறாங்க, 2019ல ஜப்பான்கிட்ட, அடுத்தது கத்தார்கிட்ட. டீம் எண்ணிக்கை ஏற ஏற பழைய ராஜாங்க எப்படி தடுமாறுறாங்கன்னு இதுல தெளிவா தெரியுது. தென் கொரியாவும் அதே கதை, முதல் ரெண்டு கப்பு அவங்களுது, 1960க்கு அப்புறம் ஒண்ணு கூட இல்ல, 1972, 1980, 1988, 2015ன்னு நாலு தடவ ஃபைனல்ல தோத்தாச்சு. உலக கோப்பையில செமி வரைக்கும் போன டீம் இது, யோசிச்சு பாருங்க.

ஜப்பான் 4 கப்பு, 1992, 2000, 2004, 2011. இதுதான் ஜாஸ்தி. சவுதி 3, ஈரான் 3, தென் கொரியா 2, கத்தார் 2, மீதி இஸ்ரேல், குவைத், ஈராக், ஆஸ்திரேலியா தலா ஒண்ணு. என்னைக் கேட்டா கப்பு கணக்க விட சவுதியோட இன்னொரு ரெக்கார்டுதான் பெருசு, 1984ல இருந்து 2000 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு ஃபைனல். மூணு ஜெயிச்சாங்க, ரெண்டுல ஜப்பான்கிட்ட 1-0, 1-0ன்னு தோத்தாங்க. இத அண்ணன் ஒரு ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்காரு, எனக்கு வருத்தம்தான், நடுவுல பெருசா வந்திருக்க வேண்டிய விஷயம்.

இஸ்ரேல் பேருக்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டு கீழ விளக்கமும் குடுத்திருக்காரு, 1974ல ஆசிய புட்பால் சங்கத்துல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க, இப்ப ஐரோப்பாவுல ஆடறாங்கன்னு. ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு நட்சத்திரம், 2006ல தான் ஆசியாவுக்குள்ள வந்தாங்க, 2015ல சொந்த ஊர்ல கப்ப தூக்கிட்டாங்க. என் அக்கா பையன் இத படிச்சிட்டு "மாமா, ஆஸ்திரேலியா ஆசியாவா"ன்னு கேட்டு அவன் சோஷியல் டீச்சர் வரைக்கும் போயிட்டான், அது தனி பஞ்சாயத்து.

இப்ப கோல் அடிச்ச கணக்குக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். மொத்தமா ஜாஸ்தி கோல் ஈரானோட அலி தாயி, 14. 1996ல 8, 2000ல 3, 2004ல 3. ஒரே டோர்னமெண்ட்ல ஜாஸ்தி கத்தாரோட அல்மோயஸ் அலி, 2019ல 9. சாதாரணமா எங்க பாத்தாலும் 9 பெருசு 8 சின்னது அவ்ளோதான்னு போட்டுட்டு போயிடுவாங்க. இங்க டீம் காலத்தோட சேத்து "டீம் ஆடின மேட்ச்"னும் போட்டிருக்காரு. அல்மோயஸ் அலிக்கு 7 மேட்ச், தாயிக்கு 6. 24 டீம் ஆனதுக்கு அப்புறம் நாக் அவுட்ல ஒரு ரவுண்டு சேந்துடுச்சு இல்ல, அதான். அப்ப யாரு பெருசுன்னு நீங்களே சண்ட போட்டுக்கலாம். அல்மோயஸ் அலியோட 9ல நாலு வட கொரியாவ 6-0 அடிச்ச ஒரே மேட்ச்ல வந்துச்சு. தாயியோட 8லயும் நாலு ஒரே மேட்ச்தான், ஆனா அது காலிறுதி, எதுத்தாப்ல தென் கொரியா. அந்த மேட்ச்ல ஹாஃப் டைம்ல கொரியா 2-1 முன்னாடி இருந்தாங்க. ரெண்டாவது பாதியில ஈரான் அஞ்சு கோல் போட்டு 6-2, அந்த அஞ்சுல நாலு தாயி. நான் தாயி கட்சி. ஆனா அல்மோயஸ் அலி ஜப்பானுக்கு எதிரா ஃபைனல்ல போட்ட அந்த தலைகீழ் கிக்கு இருக்கே, முதுகுக்கு பின்னாடி கோல்போஸ்ட்ட வச்சுக்கிட்டு பந்த ரெண்டு தட்டு தட்டி அப்படியே தலைக்கு மேல தூக்கி அடிச்சானே, அத பாத்தா என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும்.

அந்த 2019 கத்தார் டீம் மொத்தம் 19 கோல் போட்டு ஒரே ஒரு கோல்தான் வாங்குச்சு, அதுவும் ஃபைனல்ல. அடுத்த கப்புலயும் அவங்கதான். அந்த ஃபைனல்ல அக்ரம் அஃபிஃப் ஜோர்டானுக்கு எதிரா மூணு கோல், மூணும் பெனால்டி, 3-1. டோர்னமெண்ட்ல மொத்தம் 8 கோல் போட்டு டாப் ஸ்கோரர். ஃபைனல்ல ஹாட்ரிக்குன்னு கேட்டா ஆஹான்னு தோணும், மூணும் பெனால்டின்னு பக்கத்துல எழுதினதும் மூஞ்சி மாறும். அதையும் எழுதியிருக்காரு, விடல.

வேகமான கோல், 2015ல யுஏஇயோட அலி மப்கூத் பஹ்ரைனுக்கு எதிரா, 14 செகண்ட். உக்காந்து டீ கிளாஸ கையில எடுக்கறதுக்குள்ள கோல்.

2007 ஈராக் வரிக்கு மட்டும் மஞ்சள் ஷேட். நாலு நாடு சேந்து நடத்தின வருஷம், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம். உள்நாட்டுல குண்டு வெடிச்சிக்கிட்டு இருக்கற நேரத்துல ஜகார்த்தாவுல சவுதிய 1-0 ஜெயிச்சாங்க, கோல் யூனிஸ் மஹ்மூத், கேப்டன், தலையால முட்டினது. இதுக்கு மட்டும் நம்பர் எதுவும் தேவையில்லன்னு அண்ணன் சொல்றாரு, அதனால ஷேட் மட்டும்.

இந்தியாவுக்கு தனி கட்டம் ஒண்ணு கீழ வலது ஓரத்துல. இத படிக்கறப்ப மனசு கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். 1964, 1984, 2011, 2019, 2023ன்னு அஞ்சு தடவ போயிருக்கோம். மொத்தம் 16 மேட்ச், 3 ஜெயிப்பு, 1 டிரா, 12 தோல்வி, போட்டது 12 கோல். அந்த ஒரு டிரா 1984ல ஈரானோட 0-0, அந்த டோர்னமெண்ட்ல ஒரு கோல் கூட போடல. 2023லயும் மூணு மேட்ச், கோல் சைபர். 1964க்கு அடுத்த ஜெயிப்பு 2019ல தாய்லாந்துக்கு எதிரா 4-1, நடுவுல 55 வருஷம். அதுல நம்ம சுனில் சேத்ரி ரெண்டு கோல், ஏற்கனவே 2011ல போட்ட ரெண்டும் சேத்து நாலு. அந்த தாய்லாந்து மேட்ச் அன்னைக்கு ஞாயித்துக்கிழம, எங்க தெருவுல கிரிக்கெட் தவிர எதையும் பாக்காதவன் எல்லாம் ஸ்டேட்டஸ் வச்சான். ரெண்டாவது மேட்ச்ல யுஏஇகிட்ட 2-0 தோத்தோம், கடைசி மேட்ச்ல பஹ்ரைனோட டிரா பண்ணியிருந்தாலே அடுத்த ரவுண்டு போக வழி இருந்துச்சு, 90 நிமிஷம் தாண்டி ஒரு பெனால்டி குடுத்து வெளிய வந்தோம். அண்ணன் அந்த வரிக்கு பக்கத்துல "ஐயோ"ன்னு எதுவும் எழுதல, எழுதியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, குறைங்க. நிறையவே இருக்கு, நல்லவரு நம்ம ஊர்க்காரருன்னு விட்டுட முடியாது.

2023 வரியில நடந்த நாடுன்னு சீனான்னு அச்சாகியிருக்கு. தப்பு. முதல்ல சீனாவுக்குத்தான் குடுத்தாங்க, கொரோனாவால 2022ல அவங்க கைய விரிச்சிட்டாங்க, அப்புறம் கத்தாருக்கு மாத்தி ஜனவரி 12ல இருந்து பிப்ரவரி 10 வரைக்கும் 2024ல நடத்தினாங்க. பேரு மட்டும் 2023னே இருந்துச்சு. கத்தார்ல கேலரி நிறைஞ்சு மொத்தம் 15 லட்சம் பேருக்கு மேல வந்து பாத்த டோர்னமெண்ட்ட சீனா கணக்குல எழுதினா எப்படி? கேட்டதுக்கு பழைய ஃபைல் போயிடுச்சு, அடுத்த பிரிண்ட்ல மாத்தறேன்னாரு. இப்போதைக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மேல பேனாவுல "கத்தார்"னு எழுதி குடுக்கறாரு, அதுவும் கேட்டாதான். அதனால வாங்கறப்பவே அந்த வரிய விரல வச்சு காட்டி ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கங்க.

எழுத்து சைஸ் அடுத்த பிரச்சனை. ஸ்கோர் எல்லாம் சரியா தெரியுது, ஆளுங்க பேரு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. செவுத்துல மாட்டினா நாலடி தள்ளி நின்னு படிக்க முடியாது. பெரியவங்க கண்ணாடி போட்டாலும் கஷ்டம்தான். பேருங்கள தமிழ்ல எழுதினது நல்ல விஷயம், ஆனா ஒரே ஆள ஒரு எடத்துல "தாயி"ன்னும் இன்னொரு எடத்துல "டேய்"ன்னும் எழுதி வச்சிருக்காரு. டேய்னு பாத்துட்டு என் மச்சான் யார திட்டறாருன்னு கேட்டான்.

பின்பக்கம்தான் ஏமாத்தம். செவுத்துல மாட்டிட்டா பின்பக்கத்த யாரு பாப்பாங்க? அதுவும் மூணு கண்டத்த ஒரே பக்கத்துல அடைச்சதுல எல்லாமே அரைகுறை. யூரோல ஸ்பெயின் 4, ஜெர்மனி 3, கோபால அர்ஜென்டினா 16, உருகுவே 15, ஆப்பிரிக்காவுல எகிப்து 7, இப்படி கப்பு கணக்கும் டாப் ஸ்கோரரும் மட்டும் இருக்கு, முன்பக்கத்துல உசுரா இருந்த அந்த டீம் எண்ணிக்கை காலம் இங்க இல்லவே இல்ல. எங்க ரொம்ப தேவையோ அங்க இல்ல. பிரான்ஸோட பிளாட்டினி 1984 யூரோல 5 மேட்ச்ல 9 கோல் போட்டாருன்னு ஒரு வரி இருக்கு, அப்ப 8 டீம்தான், அஞ்சு மேட்ச்ல கப்பே முடிஞ்சிடும், இப்ப 24 டீம், ஃபைனல் போனா ஏழு மேட்ச். இத்தன மேட்ச் கூட ஆடியும் அந்த 9அ ஒருத்தனும் தொடல. இத விளக்காம வெறும் 9னு போட்டா அதோட வெயிட் யாருக்கு புரியும்?

அதுலயே இன்னொரு ருசியான விஷயத்த கோட்ட விட்டுட்டாரு. ரொனால்டோ யூரோல 14, மெஸ்ஸி கோபால 14, அலி தாயி ஆசியாவுல 14. மூணும் ஒரே நம்பர்! ரொனால்டோ ஆறு யூரோ ஆடி எடுத்தது, மெஸ்ஸி ஏழு கோபா, தாயி மூணே ஆசிய கோப்பை. ரொனால்டோவோட 14 அங்க ரெக்கார்டு, மெஸ்ஸியோட 14 அங்க ரெக்கார்டு கெடையாது, கோபால மென்டஸ், ஜிஜின்ஹோ ரெண்டு பேரும் 17 வச்சிருக்காங்க, பழைய காலத்து ஆளுங்க. இந்த மூணையும் முன்பக்கம் ஒரு கட்டம் கட்டி போட்டிருந்தா ஜெர்சி வாங்க வர்ற பசங்க எல்லாம் அந்த எடத்துலயே நின்னு அடிச்சிப்பாங்க. அண்ணன்கிட்ட சொன்னேன். பேனா எடுத்து கேஷ் டேபிள்ல இருந்த பில் பின்னாடி எழுதிக்கிட்டாரு, பாப்போம்.

லேமினேஷன் பரவால்ல, ஆனா மூலையில வெடிப்பு விடுது. ஆணி அடிக்க ஓட்டை போடாம குடுக்கறாரு, நாமளே போட்டா அங்க இருந்து காத்து ஏறி உரிய ஆரம்பிக்குது. டபுள் டேப் போட்டு ஒட்டறதுதான் சரி. நம்ம ஊரு மே மாச வெயில்ல சுண்ணாம்பு செவுத்துல டேப்பும் நிக்காது, அது வேற.

கடைய பத்தியும் ரெண்டு வார்த்த. பந்து நல்ல பந்து, காத்து ஏத்தி தரையில தட்டி காட்டிதான் குடுப்பாரு. ஸ்டட்ஸ் (புட்பால் ஷூ) சைஸ் 6ல இருந்து 9 வரைக்கும் கையில இருக்கு, அதுக்கு மேலன்னா பெங்களூர்ல இருந்து வரணும், வெய்ட் பண்ணணும். ஜெர்சி எல்லாம் காப்பிதான், அவரே ஒரிஜினல் இல்லன்னு சொல்லிதான் விக்கிறாரு, அந்த நேர்மைக்கு மார்க் உண்டு, துணிக்கு இல்ல, ரெண்டு தொவைப்புக்கு அப்புறம் நம்பர் சுருங்குது. ஷின் கார்டு (கால்ல கட்டற தடுப்பு) மட்டும் இங்க வாங்காதீங்க, பட்டை லூசு. பேரம் பேசினா சிரிப்பாரு, குறைக்க மாட்டாரு. கடைக்கு உள்ள ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்தா எந்திரிக்க விடாம ரெக்கார்டு கேள்வி கேப்பாரு, அவசரமா போறவங்க நின்னுக்கிட்டே வாங்கிட்டு கெளம்பிடுங்க.

யாருக்கு இது? பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறவங்க, ஸ்கூல் பி.டி. ரூம், புட்பால் பேச்சு நடக்கற டீக்கடை, இவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம். யூரோ, கோபா மட்டும் பாக்கறவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல, பின்பக்கத்துக்காக காச போடாதீங்க. அவசரம் இல்லாதவங்க வெய்ட் பண்ணலாம், அடுத்த ஆசிய கோப்பை 2027 ஜனவரில சவுதில தொடங்குது, அது முடிஞ்சதும் புது பிரிண்ட் போடறேன்னு சொல்லியிருக்காரு, கத்தார் வரியும் அதுல சரியா வந்துடும். பழைய பிரிண்ட் பத்து பதினஞ்சுதான் மிச்சம் இருந்துச்சு நான் பாத்தப்ப. ஜிபே இருக்கு, கார்டு இல்ல, ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்கு மேல ஷட்டர் எறக்கிடுவாரு, மேட்ச் ஆட போயிடறாரு.